எழுத்துக்கூட்டிப் படிப்பதற்காக வாதாடிய ஜீன் சால்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம்மாட்களில் சிலருக்கு ‘ரீடிங் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பெயர் ஏதாவது ஒரு கட்டத்தில் அறிமுகமாகியிருக்கும். பிள்ளைக்கு வாசிப்பு சரியா வரலை, தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தரப் போகிறோம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வரும். வீட்டில் தமிழ் பேசுறதாலதான் இப்படி ஆச்சோ என்று பெற்றோர் தங்களையே நொந்துகொள்வார்கள். ஆனால் இந்த வேலைக்கு ஆசிரியர்களைத் தயார் செய்யும் பட்ட மேற்படிப்பை வளர்த்தவர்களில் முக்கியமான ஒருவரே, வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்த குடியேறிக் குடும்பத்துப் பெண்தான்.

ஜீன் சால் 1921-இல் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதில் நியூயார்க் வந்தார். வீட்டு மொழி இத்திஷ். ஆங்கிலம் பள்ளியில் கற்றது. 1941-இல் சிட்டி காலேஜில் பட்டம் வாங்கிவிட்டு, பிறகு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்கர் டேலிடம் ஆய்வு செய்யப் போனார். ஒரு பாடப்புத்தகம் எவ்வளவு கடினம் என்று அளக்க இருவரும் 1948-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சுமார் 3,000 சொற்கள் கொண்ட பட்டியல். அதில் இல்லாத சொற்கள் எத்தனை சதவீதம், வாக்கியத்தின் சராசரி நீளம் என்ன, அவ்வளவுதான். இன்றைக்கு நான் பத்து வரி புரோகிராமில் எழுதிவிடுவேன். அவர்கள் கையால் எண்ணினார்கள்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அடுத்த வேலை. அப்போதைய அமெரிக்கப் பள்ளிகளில் முழுச் சொல்லையும் படம்போலப் பார்த்து நினைவில் வைக்கச் சொல்வதுதான் வழக்கம். நாம் ‘எழுத்துக்கூட்டிப் படி’ன்னு சொல்றோமே, அதைப் பழைய பாணி என்று ஒதுக்கியிருந்தார்கள். 1955-இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் அதைத் தாக்கிப் புத்தகம் எழுத, சண்டை வீதிக்கு வந்துவிட்டது. கார்னகி நிறுவனத்தின் நிதியில் 1962 முதல் 1965 வரை சால் இதை ஆராய்ந்தார். 1912-லிருந்து வந்த ஆய்வுகளைத் திரும்பப் படித்தார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 300-க்கும் மேற்பட்ட வகுப்பறைகளில் போய் உட்கார்ந்து பார்த்தார். 1967-இல் வந்த அவர் புத்தகத்தின் முடிவு: தொடக்க வகுப்புகளில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். அதோடு நிறுத்தச் சொல்லவில்லை, நல்ல கதைப் புத்தகங்களும் வேண்டும் என்றார். எதிராளிகள் இந்த இரண்டாவது பாதியைக் கண்டுகொள்ளவே இல்லை.

1965-இல் ஹார்வர்டுக்குப் போன அவர், இரண்டு வருஷத்தில் அங்கே வாசிப்பு ஆய்வகம் தொடங்கினார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இங்கேதான். ஆசிரியராக இருந்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர்கள் கோட்பாடு மட்டும் படித்துவிட்டுப் பட்டம் வாங்க முடியாது. வாசிக்கத் திணறும் ஒரு நிஜமான பிள்ளையோடோ பெரியவரோடோ உட்கார வேண்டும். எங்கே தடுக்கிறது? எழுத்தின் ஒலியிலா, வேகத்திலா, சொல் தெரியாததாலா, பொருள் புரியாததாலா? சோதித்து, திட்டம் போட்டு, சொல்லிக்கொடுத்து, மறுபடி சோதிக்க வேண்டும். புரோகிராம் ஓடலைன்னா கம்ப்யூட்டரைத் திட்டி என்ன பிரயோஜனம், எந்த வரியில் நிற்கிறது என்றுதானே பார்ப்போம்! ‘சோம்பேறி’, ‘கவனம் இல்லை’ என்று பிள்ளைக்கு முத்திரை குத்தும் ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சி ரொம்பவே தேவை.

1983-இல் வாசிப்பு வளரும் படிநிலைகளை விளக்கிப் புத்தகம் எழுதினார். மூன்றாம் வகுப்புவரை படிக்கக் கற்கிறோம், அதன் பிறகு கற்பதற்காகப் படிக்கிறோம் என்பது அதன் சாரம். 1990-இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட நூலில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நான்காம் வகுப்பையொட்டிப் பின்தங்கத் தொடங்குவதைக் காட்டினார். முதலில் சறுக்குவது பேச்சில் அதிகம் வராத, பாடப்புத்தகச் சொற்களில்.

அதே காலத்தில்தான் முழுமொழி இயக்கம் கல்வித்துறையைப் பிடித்துக்கொண்டது. புத்தகங்களால் சூழ்ந்திருந்தால் பிள்ளை தானாகவே வாசித்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சாலைப் பழமைவாதி என்றார்கள். அவர் தன் முதல் புத்தகத்தைப் புதிய ஆய்வுகளோடு சேர்த்து இரண்டு முறை மறுபதிப்பு செய்தார், முடிவு மாறவில்லை.

1999 நவம்பரில் காலமானார். ஐந்து மாதம் கழித்து, அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு அமைக்கப்பட்ட தேசிய வாசிப்புக் குழு, முறையான எழுத்தொலிப் பயிற்சி பலன் தருகிறது என்று அறிக்கை கொடுத்தது. அவர் சிறுமியாக வந்திறங்கிய நியூயார்க் நகரம் 2023-இல்தான் தன் தொடக்கப் பள்ளிகளை அந்தப் பக்கம் திருப்ப முடிவெடுத்தது.