அண்ணாவின் இனிஷியலில் இருக்கும் ஊர்

பிளேஸ்மென்ட் ஃபார்ம் நிரப்பும்போது ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் நீங்க என்ன போடுவீங்க? நம்மில் நிறைய பேர் அப்பா பெயரைப் போட்டுட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடுவோம். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரேயைத் தெரியும்தானே? முர்ரே என்ற குடும்பப் பெயர், அந்த நாட்டின் மோரே என்ற பகுதியின் பெயரிலிருந்து வந்தது. பெயரோடு ஊரைச் சேர்க்கிற வழக்கம் நம்மிடமும் உண்டு. ஆனா நாம அதைப் பெயருக்கு முன்னால், ஒரே எழுத்தாகப் போடுவோம். அதற்கு நல்ல உதாரணம் அறிஞர் அண்ணா.

அவருடைய முழுப்பெயர் காஞ்சீவரம் நடராசன் அண்ணாதுரை. சி.என். அண்ணாதுரை என்பதில் ‘என்’ அப்பா நடராசன், ‘சி’ காஞ்சிபுரம். காஞ்சிக்கு எப்படி ‘சி’ வந்தது என்று யோசிக்கிறீங்களா? ஆங்கிலேயர்கள் அந்த ஊரைக் காஞ்சீவரம் என்று சொல்லி, ஆங்கிலத்தில் சி எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். தமிழ் முறைப்படி கா.ந. அண்ணாதுரை என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டிலும் ஊர் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது சாதாரணம். 1929-ல் காஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், அந்தப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பின்னாளில் அந்த இயக்கத்துக்கே வந்த அண்ணாவின் பெயரில் அப்பாவும் ஊரும் மட்டும்தான் இருந்தன.

1909 செப்டம்பர் 15-ம் தேதி, ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். அம்மா பங்காரு அம்மாள். வளர்த்தது தொத்தா என்று அவர் அழைத்த ராஜாமணி அம்மாள். வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்திவிட்டு, காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தராக இருந்தார். பிறகு சென்னைக்கு வந்து, பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படித்தார். 1934-ல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தார். பெரியாரின் பத்திரிகைகளில் வேலை பார்க்க ஈரோடு போனார். ஆனா 1942-ல் ‘திராவிட நாடு’ என்று சொந்தமாக ஒரு வார இதழைத் தொடங்கியது காஞ்சிபுரத்தில்தான். 1949-ல் பெரியாரை விட்டுப் பிரிந்து தி.மு.க.வை ஆரம்பித்தார். 1950-களில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர்கள் தவித்தபோது, அவரும் கட்சிக்காரர்களும் துணியைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக விற்றார்கள்.

1957-ல் தி.மு.க. முதல்முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்றது. அண்ணா தேர்ந்தெடுத்த தொகுதி காஞ்சிபுரம், ஜெயித்தார். 1962-ல் அதே தொகுதியில் தோற்றார். கட்சி 15 இடங்களிலிருந்து 50-க்கு வளர்ந்த அதே தேர்தலில், தலைவரை மட்டும் சொந்த ஊர் கைவிட்டது. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு வலித்திருக்கும்! அதற்காக அவர் பெயரிலிருந்து ஊரை எடுக்கவில்லை. மாநிலங்களவை உறுப்பினராக டெல்லிக்குப் போனபோதும் அதே சி.என். அண்ணாதுரைதான்.

1967 மார்ச்சில் முதலமைச்சர் ஆனார். அந்த ஜூலை 18-ம் தேதி, மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14, பொங்கல் அன்று அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் புற்றுநோய் அவரை முடக்கியிருந்தது. 20 நாள் கழித்து, பிப்ரவரி 3-ம் தேதி இறந்துபோனார். வயது 59.

முர்ரே என்ற பெயர் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். நம்ம ஊர் எழுத்து அப்படி இல்லை, ஒருவர் போடாமல் விட்டால் அத்தோடு முடிந்தது. உங்க தாத்தாவுக்கு இரண்டு இனிஷியல் இருந்ததா? இருந்தால் முதல் எழுத்து பெரும்பாலும் ஊராகத்தான் இருக்கும். உங்க பெயரில் அது இருக்கா? இல்லை என்றால் இந்த லீவில் வீட்டில் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுடுங்க.