வெண்டல் ஸ்காட்: வென்றவரின் கைக்கு வராத கோப்பை

கடையில் விற்பனையாகும் சாதாரணக் காரையே வலுவூட்டி, வளையத் தடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் விரைந்தோட்டுவதாகத் தொடங்கியதே ஸ்டாக் கார் பந்தயம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வேரூன்றிய இப்பந்தயத்தை 1948 முதல் நாஸ்கார் என்னும் அமைப்பு நடத்திவருகிறது. அதன் உச்சப் பிரிவில் 1961 முதல் 1973 வரை 495 பந்தயங்களில் ஓடியவர் வெண்டல் ஆலிவர் ஸ்காட் என்னும் கறுப்பினத்தவர். அவற்றுள் ஒன்றே ஒன்றில்தான் அவர் வென்றார். அந்த வெற்றியும் அன்றைய கூட்டத்தின் முன்னால் அவருடையதாக அறிவிக்கப்படவில்லை.

ஸ்காட் 1921 ஆகஸ்டு 29 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரில் பிறந்தார். புகையிலைக் கிடங்குகளும் பருத்தி ஆலைகளும் நிறைந்த ஊர் அது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கடைசித் தலைநகராக, 1865 ஏப்ரலில் சில நாட்கள் இருந்ததைப் பெருமையாகக் கொண்டாடிய ஊரும்கூட. கூட்டமைப்பின் தலைவர் அந்நாட்களில் தங்கிய மாளிகைதான் பின்னர் வெள்ளையருக்கான பொது நூலகமாயிற்று. 1960இல் கறுப்பின மாணவர்கள் அந்நூலகத்துக்குள் நுழைந்தபோது, அவர்களை உள்ளே விடுவதைக் காட்டிலும் நூலகத்தையே பூட்டிவிடலாம் என நகர நிர்வாகம் முடிவெடுத்தது. சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது நாற்காலிகள் அகற்றப்பட்டிருந்தன. இரு நிறத்தவரும் ஒரே அறையில் நிற்கலாம், சேர்ந்து அமரக் கூடாது என்பது அதன் பொருள். ஸ்காட் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் வசித்த ஊர் இதுதான்.

அவருடைய தந்தை வசதி படைத்த வெள்ளைக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டுநராகவும் பழுதுபார்ப்பவராகவும் இருந்தார். இயந்திரத்தின் மீதான பற்று மகனுக்கு அங்கிருந்தே வந்தது. ஆலையில் வெள்ளை மேலாளரின் கீழ் வேலை செய்வதில்லை என்பதில் ஸ்காட் இளமையிலேயே உறுதியாக இருந்தார். டாக்சி ஓட்டினார். 1943இல் மேரி கோல்ஸை மணந்தார். இரண்டாம் உலகப் போரில், நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த அமெரிக்கப் படையில் சேர்ந்து ஐரோப்பாவில் பணியாற்றினார். திரும்பி வந்து சொந்தமாகப் பழுதுபார்க்கும் பட்டறை தொடங்கினார். ஏழு பிள்ளைகள் பிறந்த வீட்டுக்குப் பட்டறை வருமானம் போதவில்லை. இரவுகளில் கள்ளச்சாராயம் கடத்தத் தொடங்கினார்.

இதைத் தனிமனிதரின் ஒழுக்கக் கதையாக வாசிக்க வேண்டியதில்லை. வர்ஜீனியா, வட கரோலினா மலையடிவாரங்களில் வடிக்கப்பட்ட சாராயத்தைக் காவல்துறையின் கண்ணில் படாமல் நகரங்களுக்குக் கொண்டுசேர்க்க, வேகமான கார்களும் வளைவுகளில் தடுமாறாத ஓட்டுநர்களும் தேவைப்பட்டனர். ஸ்டாக் கார் பந்தயத்தின் முதல் தலைமுறை வீரர்களில் பலர் அந்தப் பள்ளியில் பயின்றவர்களே. வெள்ளை ஓட்டுநர்களின் அந்தப் பின்னணி இன்று வீரக்கதையாகச் சொல்லப்படுகிறது. ஸ்காட் 1949இல் பிடிபட்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

பந்தயத் தடத்துக்கு அவரை அழைத்துச் சென்றதும் அந்தப் பழைய வழக்குதான். 1952இல் டான்வில் பந்தயத் திடலுக்குக் கூட்டம் குறைந்திருந்தது. கறுப்பர் ஒருவரை வெள்ளையரோடு ஓடவிட்டால் வேடிக்கை பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று அமைப்பாளர்கள் கணக்கிட்டனர். நகரில் வேகமாக ஓட்டக்கூடிய கறுப்பர் யாரெனக் காவலர்களிடம் விசாரித்தபோது, தாங்கள் பலமுறை விரட்டிய ஸ்காட்டின் பெயரை அவர்கள் கூறினர். இவ்வாறு ஒரு காட்சிப் பொருளாகவே அவர் களத்தில் இறக்கப்பட்டார். அன்று கூட்டத்தில் சிலர் ஏளனக் கூச்சலிட்டனர். காரும் பாதியில் நின்றுபோனது. ஆனாலும் தம் தொழில் இதுதான் என்பதை அன்றே அவர் முடிவு செய்துகொண்டார். அடுத்து நாஸ்கார் பந்தயம் ஒன்றுக்குக் காரை இழுத்துச் சென்றபோது, நிறத்தைக் காரணம் காட்டி வாயிலிலேயே திருப்பி அனுப்பினர். வேறொரு சிறு அமைப்பின் பந்தயங்களில் ஓடி, சில நாட்களிலேயே லிஞ்ச்பர்க் நகரில் தம் முதல் வெற்றியைப் பெற்றார்.

நாஸ்கார் உரிமம் அவருக்குக் கிடைத்தது ரிச்மண்ட் நகரிலிருந்த ஒரு கீழ்நிலை அதிகாரியின் துணிவால். மேலிடத்தைக் கேட்காமலேயே அவர் அதை வழங்கினார். மேலிடம் அதை விரும்பவில்லை. பின்னர் அமைப்பின் நிறுவனர் பில் பிரான்ஸ், ஸ்காட்டிடம் பாகுபாடு காட்டப்படாது என நேரில் வாக்களித்தார். இதே பில் பிரான்ஸ் 1972இல், நிறஒதுக்கலின் முகமாக விளங்கிய அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் குடியரசுத் தலைவர் வேட்புக்கு ஆதரவாகப் பணியாற்றியவர் என்பதையும் சேர்த்தே அந்த வாக்குறுதியை மதிப்பிட வேண்டும்.

1959இல் ஸ்காட் வர்ஜீனியா மாநில அளவிலான ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவின் சாம்பியன் ஆனார். 1961இல் நாஸ்காரின் உச்சப் பிரிவுக்கு உயர்ந்தார். அவ்வாண்டு 23 பந்தயங்களில் ஓடினார். சிறந்த புதுமுக வீரருக்கான விருதோ, ஐந்தே பந்தயங்களில் ஓடிய ஒரு வெள்ளையருக்குச் சென்றது.

மோட்டார் பந்தயத்தில் திறமை காரின் விலையோடு கட்டுண்டது. ஃபோர்டு, கிரைஸ்லர் போன்ற நிறுவனங்கள் முன்னணி வீரர்களுக்குக் காரும் எஞ்சினும் பொறியாளர்களும் தந்த காலம் அது. ஸ்காட்டுக்கு அப்படி எந்த நிறுவனமும் நிலையாகத் துணைநிற்கவில்லை. பிறர் ஓட்டித் தள்ளிய காரை வாங்கி, பிறர் கழித்த டயர்களை மாட்டி, தம் பட்டறையில் தாமே எஞ்சினைப் பிரித்துக் கோத்து, 34 என்ற எண்ணைப் பக்கவாட்டில் எழுதிக்கொண்டு அவர் ஓடினார். மகன்கள் வெண்டல் ஜூனியரும் பிராங்கும் சிறுவயதிலேயே அவருடைய பணிக்குழுவாயினர். பந்தயத்துக்குச் செல்லும் வழியில் உணவகங்களும் விடுதிகளும் அக்குடும்பத்துக்குக் கதவடைத்தன; காரிலும் இழுவண்டியிலும் உறங்கினர். தடத்தில் சில வெள்ளை ஓட்டுநர்கள் வேண்டுமென்றே மோதினர். சொந்தக் காசில் கார் வைத்திருப்பவர் பதிலுக்கு மோதினால் அடுத்த வாரம் ஓட அவரிடம் கார் இருக்காது. ஆகவே அவர் பெரும்பாலும் பொறுத்துப்போனார். இந்தப் பொறுமையைச் சாந்த குணம் என்று பாராட்டி எழுதுவோர் உண்டு. அதைக் கணக்கு என்று சொல்வதே பொருத்தம்.

இனி அந்த ஒரு வெற்றி. 1963 டிசம்பர் 1, புளோரிடாவின் ஜாக்சன்வில். அரை மைல் மண் தடம். 200 சுற்றுகள், 100 மைல். அவ்வாண்டு எத்தகையது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஜூன் 10 அன்று டான்வில்லில், சிவில் உரிமை கேட்டு இறைவழிபாட்டுக்குக் கூடியவர்களைக் காவலர்கள் தண்ணீர்க் குழாய்களாலும் தடிகளாலும் தாக்கியதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அந்நாளை இரத்தத் திங்கள் என்று அவ்வூர் மக்கள் குறிப்பிடுகின்றனர். செப்டம்பரில் பர்மிங்காம் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. ஜாக்சன்வில் பந்தயத்துக்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர்தான் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டிருந்தார்.

ஸ்காட் ஓட்டியது நெட் ஜாரெட்டிடம் வாங்கிய பழைய செவ்ரோலே. குண்டும் குழியுமான தடம் பல கார்களை முடக்கியது. முன்னணியில் இருந்த ரிச்சர்ட் பெட்டியின் கார் கோளாறுற்று வேகம் குன்ற, 25 சுற்றுகள் எஞ்சியிருந்த நிலையில் ஸ்காட் அவரைக் கடந்தார். 200 சுற்றுகளை முடித்தபோது அவருக்காகக் கட்டமிட்ட கொடி அசைக்கப்படவில்லை. தொடர்ந்து ஓடினார். இரண்டு சுற்றுகள் கழித்துக் கொடி அசைந்தது, பக் பேக்கருக்காக. பேக்கர் வெற்றி மேடைக்குச் சென்றார், கோப்பையைப் பெற்றார், வழக்கம்போல் அழகுராணி முத்தமிட்டாள்.

ஸ்காட் முறையிட்டார். சுற்றுக் குறிப்பேடுகள் மீண்டும் பார்க்கப்பட்டன. கூட்டம் முழுவதும் கலைந்த பின்னர், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, அவர் இரண்டு சுற்றுகள் முன்னிலையில் வென்றிருப்பதை அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். எழுத்தரின் பிழை என்று விளக்கம் தரப்பட்டது. பணம் கிடைத்தது, பேக்கரோடு போன கோப்பை திரும்பவில்லை. பின்னர் ஒரு நாள் மரத்தாலான மலிவான கோப்பை ஒன்று அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அது பிழையன்று என்பதை ஸ்காட் இறுதிவரை உறுதியாகக் கூறிவந்தார். ஆயிரக்கணக்கான வெள்ளையர் பார்த்திருக்க, வெள்ளைப் பெண்ணொருத்தி கறுப்பின ஆணை முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கவே அது நடந்தது என்பது அவர் கருத்து. தீண்டலின் அரசியலை அறிந்த சமூகத்துக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. காசைக் கொடுத்துவிடுவதில் அவர்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. மேடையில் நிற்க விடுவதுதான் இயலாததாக இருந்தது.

அந்த வெற்றிக்குப் பிறகும் நல்ல கார் வரவில்லை. இருந்தும் 1966இல் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடத்தைப் பிடித்தார். 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டுகளும் முதல் பத்து இடங்களுக்குள் நின்றார். மொத்தம் 147 பந்தயங்களில் முதல் பத்து பேருக்குள் வந்தார். கழித்த டயரில் ஓடியவரின் எண்கள் இவை.

1973 மே மாதம் கடன் வாங்கி ஓரளவு நல்ல மெர்குரி கார் ஒன்றோடு அலபாமாவின் டல்லடேகா தடத்துக்குச் சென்றார். பந்தயம் தொடங்கிய சில சுற்றுகளிலேயே இருபதுக்கு மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதிய பெருவிபத்தில் சிக்கினார். விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்தன; கார் அழிந்தது; கடன் எஞ்சியது. அவ்வாண்டு இறுதியில் சார்லட் நகரில் இன்னும் ஒரு பந்தயத்தில் ஓடிப் பன்னிரண்டாவதாக வந்தார். அதோடு முடிந்தது. அவருடைய வாழ்க்கையைத் தழுவி 1977இல் ரிச்சர்ட் பிரையர் நடித்த திரைப்படம் வெளியானபோது, ஸ்காட் டான்வில்லில் பிறருடைய கார்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். 1990 டிசம்பர் 23 அன்று புற்றுநோயால் காலமானார்.

நாஸ்காரின் புகழ்க்கூடத்தில் 2015இல் அவர் பெயர் சேர்ந்தது. ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை அவர் குடும்பத்திடம் அவ்வமைப்பு 2021 ஆகஸ்டில் வழங்கியது. அவருடைய நூறாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள். அதே ஆண்டு அக்டோபரில் பப்பா வாலஸ் டல்லடேகாவில் வென்றார். ஸ்காட்டுக்குப் பின் உச்சப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. இடையில் 58 ஆண்டுகள்.

அந்த இடைவெளியைத் திறமைக் குறைவால் விளக்குவோர், இந்த விளையாட்டு எவ்வாறு கைமாறுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. லீ பெட்டியின் மகன் ரிச்சர்ட், அவர் மகன் கைல். பக் பேக்கரின் மகன் பட்டி. நெட் ஜாரெட்டின் மகன் டேல். இவர்கள் அனைவரும் உச்சப் பிரிவில் வென்றவர்கள். தந்தை கட்டிய பட்டறையும், அவர் பெயரைக் கேட்டுக் காசோலை நீட்டும் நிறுவனங்களும் அவர்களுக்குக் காத்திருந்தன. ஸ்காட்டின் மகன்களுக்கும் எஞ்சின் தெரியும். பந்தயத் தடத்திலேயே வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தந்தையிடமிருந்து வந்தது டல்லடேகாவில் நொறுங்கிய மெர்குரியும் அதன் தவணைகளும்.