கேத்தலைக் கணக்கிட்ட கோமகன்

எமது கரையோர வீடுகளில் அன்றாடம் மூட்டப்படும் முதல் நெருப்பு தேத்தண்ணிக்கானதாகவே இருக்கின்றது. மருதமுனையில் நெசவாளர் வீடாயினும், சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மீனவர் வீடாயினும், பாண்டிருப்பிலும் காரைதீவிலும் விவசாயக் குடும்பமாயினும் இவ்வழக்கம் பொதுவானது. கடலுக்கும் வயலுக்கும் செல்வோருக்கு விடிவதற்கு முன்னரே ஒரு தடவை, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுகையில் ஒரு தடவை, விருந்தினர் படியேறினால் இன்னொரு தடவை, அஸர் தொழுகைக்குப் பின்னர் மற்றொரு தடவை என நாளொன்றுக்கு ஐந்தாறு முறையேனும் கேத்தல் அடுப்பேறுகின்றது. நோன்பு மாதத்தில் ஸஹர் வேளையும் இக்கணக்கில் சேர்ந்துகொள்கின்றது.

இந்த நெருப்புக்கு என்ன விலை என்பதை 2022ஆம் ஆண்டு எம்மனைவருக்கும் உணர்த்தியது. எரிவாயுச் சிலிண்டருக்காக வீதியோரங்களில் மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தனர். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிவாயு அடுப்பை மூலையில் ஒதுக்கிவிட்டுச் சிரட்டையையும் பொச்சுமட்டையையும் தென்னோலையையும் தேடிய இல்லத்தரசிகள், பல்லாண்டுகளுக்கு முன்னர் தம் தாய்மார் கைவிட்ட புகைக்குள் மீண்டும் அமர்ந்தனர். நெருக்கடி தணிந்ததும் நாம் பழைய பழக்கங்களுக்கே திரும்பிவிட்டோம். இந்நிலையில், அடுப்பில் வீணாகும் வெப்பத்தைப் பற்றி இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் வாழ்நாள் முழுவதும் சிந்தித்த ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமானதெனக் கருதுகின்றோம்.

ரம்போர்ட் பிரபு என வரலாறு அறிந்த பெஞ்சமின் தொம்சன், 1753 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பிரதேசத்திலுள்ள வூபர்ன் என்னும் ஊரில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவர் கடையொன்றில் வேலை பழகினார், பின்னர் ஆசிரியரானார். 1772இல் தம்மிலும் வயதில் மூத்த செல்வந்த விதவை ஒருவரை மணந்துகொண்டார். அம்மணவாழ்வு அவருக்குச் செல்வாக்குடையோரின் நட்பைத் தேடிக்கொடுத்தது.

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது தொம்சன் ஆட்சியாளரின் பக்கம் நின்றார். தம் அயலவர்களையே வேவு பார்த்துத் தகவல் அனுப்பினார் என்பது பின்னாளில் ஆவணங்களால் உறுதியாயிற்று. மனைவியையும் கைக்குழந்தையான மகளையும் விட்டுவிட்டு 1776இல் அவர் இலண்டனை அடைந்தார். மனைவியை அதன் பின்னர் அவர் காணவேயில்லை. மகளைச் சந்திப்பதற்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அறிவாற்றலால் உயர்ந்த இம்மனிதரின் வாழ்வில் இக்கறை அழியாதது. அதனை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

1784இல் மன்னர் மூன்றாம் ஜோர்ஜினால் சேர் பட்டம் வழங்கப்பெற்ற அவர், அதனையடுத்து ஜேர்மனியின் பவேரியாவுக்குச் சென்று அதன் ஆட்சியாளர் கார்ல் தியோடரின் சேவையில் இணைந்தார். படைத்துறை அமைச்சுப் பொறுப்புவரை உயர்ந்தார். ரம்போர்ட் பிரபு என்ற பட்டத்தை அவர் பெற்றதும் அச்சேவைக்காகவே. படைவீரருக்குக் குறைந்த செலவில் உணவும் உடையும் வழங்குவது எவ்வாறு என்ற கேள்வியே அவரை வெப்பத்தின் ஆராய்ச்சிக்கு இட்டுச்சென்றது. உரோமமும் இறகும் கம்பளியும் உடலைச் சூடாக வைத்திருப்பது அவற்றினிடையே சிறைப்பட்டிருக்கும் காற்றினாலேயே என அவர் பரிசோதனைகளால் காட்டினார். இவ்வாய்வுகளுக்காக இலண்டன் ரோயல் சங்கம் 1792இல் அவருக்குக் கொப்ளி பதக்கம் வழங்கியது. இன்று நாம் தேநீரைச் சூடாகப் பேணும் பாத்திரங்களுக்குத் துணியுறை போடும்போது கைக்கொள்வது இதே தத்துவத்தைத்தான்.

1790ஆம் ஆண்டின் முதல் நாளில், மியூனிச் நகரத்துப் பிச்சைக்காரர்களைப் படைவீரர்களைக் கொண்டு கைதுசெய்வித்து, அவர்களை அவர் தொழிலகமொன்றில் சேர்த்தார். அங்கு அவர்கள் இராணுவத்துக்கான ஆடைகளைத் தயாரித்தனர். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு சேர்ந்த கஞ்சி அவர்களுக்கு உணவாயிற்று. வறியோரின் சம்மதம் கேளாது அவர்களுக்கு நன்மை செய்ய முற்பட்ட இந்த ஏற்பாடு விவாதத்துக்குரியது. எனினும் அத்தொழிலகத்தின் சமையலறை உலகத்துக்கே ஒரு பாடசாலையாயிற்று. ஒவ்வொரு கொப்பரையும் செங்கல் கட்டடத்துள் பொருத்தப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மூடிய தீயறை அமைந்தது. உட்புகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தக் கதவுகள் வைக்கப்பட்டன. சுவாலை திறந்த வெளியில் அலையாது பாத்திரத்தின் அடியையும் பக்கங்களையும் சுற்றி வந்தது. சிறிதளவு விறகில் பெருந்தொகையானோருக்கு உணவு சமைக்க முடிந்தது.

1795இல் இலண்டன் திரும்பிய அவர், அங்குள்ள வீடுகளின் அடுப்பங்கரைகளைக் கண்டு திகைத்தார். திறந்த அடுப்பில் ஒரு கேத்தல் தேநீர்த் தண்ணீரைக் கொதிக்கவைக்க எரியும் எரிபொருள், முறையாக அமைக்கப்பட்ட அடுப்பில் 50 பேருக்கான உணவைச் சமைக்கப் பல வேளைகளில் போதுமானது என அவர் கணக்கிட்டார். பெரும் விருந்துகளில் ஆகும் செலவை எவரும் கவனிப்பர். நாள்தோறும் பல தடவை ஏறி இறங்கும் கேத்தலின் செலவை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய இன்னோர் உண்மையுமுண்டு. தண்ணீர் கொதிநிலையை அடைந்த பின்னர் நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு மேலும் ஏறாது. கூட்டிய நெருப்பு முழுவதும் ஆவியாகவே வெளியேறும். இன்றைய அளவீடுகள் இதனைத் தெளிவாக்குகின்றன. எமது கரையோர வெப்பநிலையிலுள்ள ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டிய சக்தியைப் போன்று ஏழு மடங்குக்கும் அதிகமான சக்தி, அத்தண்ணீரை முற்றாக ஆவியாக்குவதற்குச் செலவாகின்றது. கேத்தல் தளதளவெனக் கொதித்துக்கொண்டிருக்க, நாம் வாசலில் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு ஆவியாகின்றது என்பதே இதன் பொருள்.

வெப்பம் என்பது ஒரு பாயம் என அறிஞர் பலர் நம்பியிருந்த அக்காலத்தில், மியூனிச் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழாயைத் துளையிடுகையில் எழும் சூட்டை அவர் ஆராய்ந்தார். நெருப்பேதுமின்றி, உராய்வினால் மாத்திரம் சுமார் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. வெப்பமானது ஓர் இயக்கமே என்று 1798இல் ரோயல் சங்கத்தில் வாசித்த கட்டுரையில் அவர் வாதிட்டார். மறு ஆண்டில் ரோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் விஞ்ஞான நிறுவனம் இலண்டனில் தோன்றுவதற்கு முன்னின்றார். ஹம்ப்ரி டேவியும், அவருக்குப் பின் மைக்கல் பரடேயும் ஆய்வு நடத்திய இடம் அதுவே.

பின்னர் பாரிஸில் குடியேறி, இரசாயன அறிஞர் லவோசியேயின் விதவையை 1805இல் மணந்தார். அம்மண வாழ்வும் நிலைக்கவில்லை. மனைவி அழைத்த விருந்தினரை அவர் வாயிற்கதவைப் பூட்டித் தடுத்ததாகவும், சினங்கொண்ட மனைவி அவரது பூஞ்செடிகளுக்குக் கொதிநீரை ஊற்றியதாகவும் அவர் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தால் அறிகின்றோம். வெந்நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த உலகுக்குக் கற்பித்தவரின் தோட்டத்திலேயே அது அவ்வாறு செலவானது.

தமது இறுதி ஆண்டுகளில் அவர் கோப்பியைப் பற்றி ஆராய்ந்தார். யேமன் நாட்டுச் சூபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அருந்திய பானம், மக்கா, கெய்ரோ, இஸ்தான்புல் வழியாக ஐரோப்பாவை அடைந்து அப்போது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. மதுவுக்கு மாற்றாக உழைப்பாளருக்கு அப்பானம் கிடைக்க வேண்டுமென அவர் விரும்பினார். கோப்பித்தூளைக் கொதிக்கவிட்டால் அதன் மணம் ஆவியோடு போய்விடும் என்றும், கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் தூளினூடே நீரை வடியவிடுவதே சிறந்தது என்றும் 1812இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். சூடு வெளியேறாதவாறு வெந்நீர் உறை சூழ்ந்த வடிபாத்திரங்களையும் வடிவமைத்தார். 1814 ஓகஸ்ட் 21ஆம் திகதி பாரிஸுக்கு அண்மையிலுள்ள ஒத்தெய் என்னுமிடத்தில் அவர் காலமானார்.

இவ்வாழ்க்கையிலிருந்து எமது குசினிக்கு எடுத்துக்கொள்ளத்தக்கவை எளியவை. மின்கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழப் பத்தில் ஓர் அலகு மின்சாரம் வேண்டும். தேவைக்கு மேலாக ஒரு லீற்றர் ஊற்றி, நாளொன்றுக்கு மூன்று தடவை கொதிக்கவைக்கும் வீட்டில் மாதத்துக்கு 9 அலகு வீணாகின்றது. அலகு கூடக்கூடக் கட்டண வீதமும் ஏறும் எமது நாட்டில் இது சிறு தொகையன்று. ஆகவே குடிக்கப்போகும் கோப்பையாலேயே தண்ணீரை அளந்து ஊற்றுவதும், பாத்திரத்தை மூடிவைப்பதும், கொதி வந்தவுடன் அடுப்பை அணைப்பதும், எஞ்சிய வெந்நீரைச் சுடுநீர்ப் போத்தலில் சேமிப்பதும் போதுமானவை. கிணற்று நீரைக் கொதிக்கவைத்துப் பருகுவோரும் அதனை நெடுநேரம் அடுப்பில் விடத் தேவையில்லை. நன்கு பொங்கிக் கொதித்தாலே நோய்க்கிருமிகள் அழிந்துவிடும். விறகை நம்பியிருப்போருக்கு, 1980களில் எமது நாட்டில் உருவான அனகி மண்ணடுப்பு இருக்கின்றது. ஒரு தீயில் சோறு வேகும்போதே மிஞ்சும் வெப்பத்தில் இரண்டாவது பாத்திரத்துத் தண்ணீரும் அதில் சூடாகும். ரம்போர்ட் பிரபு கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆயினும் ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். சிக்கனத்தை ஏழைகளுக்கு மாத்திரம் உபதேசிப்பது மியூனிச் தொழிலகத்தின் குறையை மீண்டும் செய்வதாகும். நாள் முழுதும் வெந்நீர் கொதிக்கும் அலுவலகங்களும், உணவகங்களும், வசதி படைத்த இல்லங்களும் முதலில் தம் கணக்கைப் பார்க்கட்டும். நல்ல அடுப்பை வாங்க இயலாத குடும்பங்களுக்கு உள்ளூராட்சி மன்றங்களும், பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும், மகளிர் சங்கங்களும் கைகொடுக்கட்டும். அடுப்படி பெண்களின் வேலை என்று சொல்லி ஒதுங்கும் ஆண்கள், ஒரு பிரபு தம் ஆராய்ச்சியின் பெரும்பகுதியை அங்கேயே நடத்தினார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். மீண்டுமொரு பற்றாக்குறை வந்து எமது பெண்களைப் புகைக்குள் தள்ளுவதற்கு முன்னர் இவற்றை நாம் செய்தாக வேண்டும்.