பனிக்கட்டி விற்ற வணிகர்

பங்குனி மாதத்துப் பிற்பகல். களனி கங்கை அருகே ஓடினும் கிராண்ட்பாஸின் வெம்மை தணிவதில்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் எம் இல்லத்தில் அமர்ந்து அந்நாட்டு வழக்கமொன்றைக் கூறினார். வீட்டிலே காய்ச்சிப் புளிக்கவைத்த பியரைச் சிறு பீப்பாய்களில் அடைத்து, அறையின் வெப்பத்திலேயே சிலர் வைத்திருப்பராம். விருந்தினர் வந்ததும், பனிக்கட்டிப் பெட்டியுள் அமிழ்த்திய நீண்ட உலோகச் சுருள்குழாய் வழியே அதனைச் செலுத்துவராம். குழாயின் மறுமுனையிற் கிண்ணத்தை ஏந்தினால் குளிர்ந்த பானம் வீழுமாம். பீப்பாய் முழுவதையும் குளிர்விக்க வேண்டுவதில்லை. பருகும் அளவு குளிர்ந்தாற் போதும்.

அப்பானத்தின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. குளிர்ந்த பானம் வெப்பநாட்டு மக்களின் அன்றாட வழக்கமாதற்கு அடிகோலிய ஒருவரின் வரலாறே எம் நினைவில் எழுந்தது. அவர் பிரெடெரிக் டியூடர்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே 1783ஆம் ஆண்டு செல்வக் குடியொன்றில் அவர் பிறந்தார். உடன்பிறந்தார் ஹார்வர்ட் கல்லூரியை நாட, இவரோ பள்ளியை இளமையிலேயே துறந்து வணிகத்தை நாடினார். மாரியில் ஏரிகள் உறைந்து பனிக்கட்டி வீணே கிடந்து உருகுவதைக் கண்டார். அதனை வெயில் நாடுகளுக்கு அனுப்பி விற்றால் என்னவென எண்ணினார். 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு முதற் கப்பல் புறப்பட்டபோது ஊரார் நகைத்தனர். சரக்கின் பெரும்பகுதி கெடாமலே கரை சேர்ந்தது. ஆனால் அதனைச் சேமிக்க அங்கே களஞ்சியம் இல்லை. பயன்படுத்தும் முறையையும் மக்கள் அறியார். பண்டம் கண்முன்னே நீராயிற்று; முதலும் கரைந்தது.

பின்வந்த ஆண்டுகள் துன்பம் மிக்கன. கடன்பட்டுச் சிறையும் புகுந்தார். ஆயினும் தோல்வியின் காரணத்தை அவர் தெளிவாக உணர்ந்தார். குளிரை உண்டாக்குவது இயற்கையின் தொழில்; அதனைக் காப்பதே மனிதனின் தொழில். இரட்டைச் சுவருள்ள களஞ்சியங்களை அமைத்தார். மரத்தூளாற் கட்டிகளைப் பொதிந்தார். உருகிய நீர் உடனுக்குடன் வடியுமாறு வழி செய்தார். 1825இல் நதானியேல் வையத் என்பார் குதிரை பூட்டிய பனிக்கலப்பையை உருவாக்கவே, ஏரியை வயல்போற் கீறி ஒரே அளவான கட்டிகளை எடுத்தல் எளிதாயிற்று. அளவொத்த கட்டிகள் இடைவெளியின்றி அடுங்கும்; அடுங்கினால் உருகுதல் குறையும்.

பண்டத்தைக் காத்தாற் போதாது. அதன்பால் வேட்கையையும் பிறப்பித்தல் வேண்டும். குளிரூட்டாத பானத்தின் விலைக்கே குளிர்ந்த பானத்தையும் விற்குமாறு மதுச்சாலையாரை அவர் தூண்டினார். ஒரு வாரம் குளிரச் சுவைத்த நாவு மீண்டும் வெதுவெதுப்பான பானத்தை ஏலாது என்பது அவர் கணிப்பு. அக்கணிப்புப் பொய்க்கவில்லை.

இயற்கையும் அவருக்குத் துணை நின்றது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். ஆதலின் ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது, ஏறத்தாழ 4 கிலோ பானத்தை 30 பாகையிலிருந்து 10 பாகைக்கு இறக்கவல்லது. சுருள்குழாயின் மருமமும் இதுவே.

1833இல் துஸ்கனி என்னுங் கப்பல் 180 தொன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு திங்கட் பயணத்தில் இருமுறை வெப்ப மண்டலத்தைக் கடந்து, ஏறத்தாழ 100 தொன்னை அது கரை சேர்த்தது. அதுகாறும் வெள்ளையர் இல்லங்களில் ஆப்தார் என்னும் பணியாளர் வெடியுப்பு நீரிலே குப்பிகளைச் சுழற்றிப் பானங்களைக் குளிர்வித்து வந்தனர். அத்தொழிலுக்கு அன்றே முடிவு குறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிற் கோப்பி வாணிகத்தில் இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் இழந்த டியூடரை, கல்கத்தா வாணிகமே மெல்ல மெல்லக் கடனிலிருந்து மீட்டது.

சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டளவில் அவருக்கொரு களஞ்சியம் எழுந்தது. அதுவே ஐஸ் ஹவுஸ். அக்காலத்தே அக்குளிர்ச்சி ஆட்சியாளர்தம் மேசைக்கே பெரிதும் உரியதாயிருந்தது. சுமந்த கூலியாளனுக்குக் கை மரத்ததே மிச்சம். 1846-47 மாரியில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டக் கண்ட அறிஞர் தோரோ, தாம் கற்ற கீதையையும் கங்கை நீரையும் அக்குளத்து நீரோடு இணைத்துச் சிந்தித்தார்.

1864இல் டியூடர் மறைந்தார். 1870களில் இந்தியாவிலேயே இயந்திரங்கள் பனிக்கட்டி செய்யத் தொடங்கவே, அவர் வகுத்த கடல் வாணிகம் தேய்ந்து ஒழிந்தது. கட்டடமோ ஒழியவில்லை. 1897 சனவரி 15இல் நம் கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த திங்களிற் சென்னை சென்று அவ்வில்லத்தில் ஒன்பது நாள் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி காத்த சுவர்கள் ஞானியின் நினைவைக் காக்கின்றன.

மாணவர் விடைபெற்ற பின் சந்திக் கடையிலே ஒரு சர்பத்து வாங்கினோம். கூலித் தொழிலாளி ஒருவரும் எமதருகே நின்று அதனையே பருகினார். கிண்ணத்தில் மிதந்த கட்டி சிறிது சிறிதாகக் கரைந்தது. ஆளுவோர் மேசையிலிருந்து அவர் கைக்கு அது வந்து சேர்ந்த தொலைவு, பொஸ்டனிலிருந்து சென்னைக்குள்ள தொலைவினும் பெரிதென்று எமக்குப்பட்டது.