இளையராஜாவின் அண்ணன் மட்டும்தானா? மலையேறிப் பாடி ஓட்டு சேர்த்த பாவலர் வரதராஜன்!

உங்க ப்ளேலிஸ்ட்டில் இளையராஜா பாட்டு கண்டிப்பா இருக்கும். அந்த இளையராஜாவை முதன்முதலில் மேடையேற்றியது யார் தெரியுமா? அவருடைய அண்ணன், பாவலர் வரதராஜன். இன்னிக்கு 'ராஜா சாரோட அண்ணன்'னு சொன்னால்தான் பலருக்கும் இவரைத் தெரியும். ஆனா, ஒரு காலத்தில் தம்பிகளை ஊருக்கு அறிமுகப்படுத்தியதே இவர் பெயர்தான்!

தேனி மாவட்டம் தேவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அண்ணாந்து பார்த்தால் மலை. மலைக்கு மேலே ஏலக்காய், தேயிலைத் தோட்டங்கள். வரதராஜனின் அப்பா ராமசாமியும் எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர். தோட்டத்து வேலையும் கூலியும் இந்தக் குடும்பத்துக்குப் புதுசு இல்லை.

மேடை கொடுத்த கட்சி

பாட்டு எழுதத் தெரியும், பாடவும் தெரியும். ஆனா யார் கேட்பாங்க? 1950-களில், சினிமாவும் பத்திரிகையும் சென்னையில் இருந்த காலத்தில், மலையடிவாரக் கிராமத்துக் கவிஞனுக்கு இதுதான் பெரிய கேள்வி. வரதராஜனுக்குப் பதில் கொடுத்தது கம்யூனிஸ்ட் கட்சி. எழுத்து தெரியாத தொழிலாளிக்கும் விஷயம் போய்ச் சேர கட்சிக்குப் பாட்டு தேவைப்பட்டது. அவருக்குக் கூட்டம் தேவைப்பட்டது.

ஜனங்களுக்குப் பழகிய சினிமா மெட்டு, நாட்டுப்புற மெட்டு. அதில் அவரோட சொந்த வரிகள். மெட்டு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால், புது வார்த்தைகள் சட்டுனு ஒட்டிக்கும்.

தேவிகுளம் 1958

1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம் கேரளாவுக்குப் போனது. அடுத்த வருஷம் அங்கே இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. பெரும்பான்மை ரொம்பக் குறைவு. அதனால் 1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்ததும் நாடே கவனித்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ்.

தோட்டத் தொழிலாளிகளிடம் அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும். மலையேறினார் பாவலர். அன்றைய காங்கிரஸ் சின்னம் இரட்டைக் காளை. அந்தக் காளைகளையே கிண்டலடித்துப் பாட்டு கட்டினார். ரோசம்மா ஜெயித்தார். வெற்றிக்கூட்டத்தில் இ.எம்.எஸ்., பாவலருக்குத்தான் இந்தப் பெருமை என்று பாராட்டியதாக அந்தப் பக்கத்தில் இப்போதும் சொல்வார்கள்.

வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம்

அந்தச் சமயத்தில்தான், 14 வயசுத் தம்பி ராசய்யா குழுவில் சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் இளையராஜா. ஆரம்பத்தில் அவருக்குப் பெண் குரலில் பாடுற வேலை. குரல் உடைந்த பிறகு ஆர்மோனியம். அண்ணன் கோவையில் 85 ரூபாய்க்கு வாங்கிய அந்தப் பெட்டியைத் தொட்டாலே அடி விழும் என்று இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். பாஸ்கரும் கங்கை அமரனும் இதே குழுவில் வளர்ந்தவங்கதான். தெரிஞ்ச மெட்டுக்குள் புது வார்த்தை உட்காரும் வித்தையைத் தம்பிகள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

கைதட்டல் கிடைத்தது, பெயர் கிடைத்தது. ஆனா தேர்தல் பாட்டுக்கு ஆயுசு கம்மி. தேர்தல் முடிந்தால் பாட்டுக்கும் வேலை முடிந்துவிடும். சினிமா பாட்டு மாதிரி ரேடியோவில் தினமும் ஒலிக்காது. 1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்கு ரயிலேறினார்கள். 1973-ல் பாவலர் காலமானார். மூன்றே வருஷம் கழித்து, 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. தம்பியின் பாட்டு தமிழ்நாடு முழுக்க ஒலித்ததைக் கேட்க அண்ணன் இல்லை. பிறகு குடும்பம் தொடங்கிய படநிறுவனத்துக்கு 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

நீங்களும் கவிதை எழுதி போன் நோட்ஸிலேயே வெச்சிருக்கீங்களா? பாவலர் பெரிய வாய்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. தன் வரிகள் யாருக்குத் தேவையோ, அவங்களோட போய்ச் சேர்ந்தார். உங்க ஊர் நூலகத்திலோ, இலக்கியக் கூட்டத்திலோ பத்து பேர் உட்கார்ந்திருப்பாங்க. முதல் வரியை அங்கே படிச்சுக் காட்டுங்க!