கிறுகிறுப்பின் காரணம் தேடிய பாரானி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையை அறிந்தவர்க்கு, அதன் 22 கொண்டை ஊசி வளைவுகளை நான் வருணிக்க வேண்டுவதில்லை. கல்லாறு கடந்து வண்டி ஏறத் தொடங்கியதும், எங்கள் மாணவர் குழுவிற் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்தினர். சிலர் சன்னலோரம் தேடினர். உச்சியில் எங்களுக்குத் தேநீர் தந்த தமிழ் அம்மையார் எங்கள் முகவாட்டங் கண்டு நகைத்தார். வளைவுகள் தமக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் பாயில் வலப்புறம் புரண்டால் போதும், கூரையே சுழலும் என்றார். அதற்கு அஞ்சிப் பல மாதம் உட்கார்ந்தே உறங்கினாராம். கடைசியில் ஒரு மருத்துவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பியே அதைப் போக்கிவிட்டாராம். மருந்துமில்லை, கத்தியுமில்லை! இந்த விந்தையின் மூலத்தைத் தேடிச் சென்றபோதுதான் இராபர்ட் பாரானி என்னும் மேதையின் வரலாறு எனக்குக் கிடைத்தது.

1876 ஏப்ரல் 22-இல் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஆறு மக்களுள் மூத்தவராகப் பிறந்தார் பாரானி. சிறு வயதிலேயே காசநோய் அவர் எலும்பைப் பற்றியது. அதனால் ஒரு முழங்கால் வாழ்நாள் முழுவதும் விறைத்தே இருந்தது. அந்தக் காலோடு டென்னிஸ் ஆடினார், மலைகளில் நடந்தார். நோயே அவர் மனத்தை மருத்துவத்தின்பால் திருப்பியது என்பர். 1900-இல் வியன்னாவிற் பட்டம் பெற்று, ஜெர்மனியிற் சிறிது காலம் பயின்று, 1903-இல் பொலிட்சர் என்னும் புகழ்மிக்க செவி மருத்துவரின் நிலையத்திற் பணியேற்றார்.

அங்கே அவருடைய அன்றாட வேலைகளுள் ஒன்று காதை நீரால் அலம்புவது. அலம்பும்போது பலர் தலை சுற்றுகிறதென்றனர். அவர்களுடைய விழிகள் தாமே துடிப்பதையும் பாரானி கண்டார். ஒருவர், நீர் மிகக் குளிர்ந்திருக்கிறது, அதனால்தான் சுற்றுகிறது என்று முறையிட்டார். வேறொரு சமயம் நீர் அதிகச் சூடாகிவிட்டது. அப்போதும் தலை சுற்றியது. ஆனால் விழிகள் எதிர்த்திசையில் துடித்தன! உடலின் வெப்பத்தோடு ஒத்த நீரை விட்டபோதோ ஒன்றும் நேரவில்லை. நோயாளியின் முணுமுணுப்பை நம்மில் எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்கிறோம்? அவர் கேட்டார்.

உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் ஒரு திரவம் நிறைந்துள்ளது. தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கி, ஆங்குள்ள நுண்ணிய மயிரிழைகளை வளைக்கும். திரும்புகிறோம் என்று மூளை உணரும். வெந்நீர்க் கொப்பரையில் சூடேறிய நீர் மேலெழுவதும் குளிர்ந்தது கீழிறங்குவதும் போல இத்திரவமும் நகர்கிறது என்று பாரானி தெளிந்தார். எந்தக் காதின் சமநிலை உறுப்பு பழுதுற்றது என்பதை ஒரு குவளை நீரால் அறியும் வழி பிறந்தது.

1914-இல் உலகப் போர் மூண்டது. விறைத்த காலோடு விருப்பத்தாலே போர்முனை சென்று, பிரெமிசில் கோட்டையில் தலைக்காயமுற்ற வீரர்க்குப் பணி செய்தார். 1915 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது. ருஷ்யர் அவரைச் சிறைபிடித்து மத்திய ஆசியாவிலுள்ள மெர்வ் நகருக்குக் கொண்டுசென்றனர். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு தமக்கென்ற செய்தி அச்சிறைமுகாமிலேதான் அவரை அடைந்தது. சுவீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் முயன்றதால் 1916-இல் விடுதலை பெற்று, ஸ்டாக்ஹோம் சென்று பரிசைப் பெற்றார்.

வியன்னாவோ மாலையோடு காத்திருக்கவில்லை. பிறர் உழைப்பைக் குறிப்பிடத் தவறினார் என்று சக மருத்துவர்களே பழி கூறினர். சுவீடன் நாட்டுச் செவி மருத்துவர் சிலர் அவருக்காக எழுதினர். மனம் கசந்த பாரானி 1917-இல் உப்சாலாப் பல்கலைக்கழகம் சென்றார். சொந்த நகரம் தராத பேராசிரியப் பதவியை 1926-இல் அவ்வூர் தந்தது.

அங்கிருந்தபடியே 1921-இல் ஒரு சிறு வரலாற்றை வெளியிட்டார். 27 வயதுப் பெண்ணொருத்தி. படுத்துத் தலையை வலப்புறம் திருப்பினால் மட்டும் கடுஞ்சுழற்சி. பாரானி அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை வலப்புறம் திருப்பி, விழிகளை உற்று நோக்கினார். விழிகள் சுழன்று துடித்துச் சற்றில் அடங்கின. இடப்புறம் திருப்பினால் ஒன்றுமில்லை. உட்செவியில் சுண்ணாம்புத் துகள்கள் படிந்த உறுப்பே காரணம் என்று கருதினார். 1936 ஏப்ரல் 8-இல், அறுபது நிறைய இரு வாரம் இருக்கையில், உப்சாலாவில் மறைந்தார்.

அவருடைய ஊகம் பெரும்பாலும் சரியே. அத்துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிடுவதே தொல்லை என்பது பின்னரே விளங்கியது. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி அவற்றை உருட்டி வெளியேற்ற ஒரு முறை கண்டார். அவரையும் துறையினர் எள்ளினர். 1992-இலேதான் அவருடைய முழுக் கட்டுரை அச்சேறியது. நோயுற்ற பக்கம் தலையை 45 பாகை திருப்பி, பின்னால் சாய்த்துச் சற்றே தொங்கவிடுவர். பிறகு மறுபக்கம் 90 பாகை திருப்புவர். அப்படியே உடலோடு ஒருக்களித்து முகம் தரை நோக்கச் செய்வர். பின் எழுப்பி உட்கார்த்துவர். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ. கழுத்து நோயுள்ளோர்க்கு இது ஆகாது. யார்க்கெனினும் மருத்துவர் கையாலேயே முதலிற் செய்தல் வேண்டும்.

மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை நோயுற்ற பக்கம் திருப்புவதாகிய அந்த முதல் நிலைக்கு, பாரானி 1921-இலேயே அப்பெண்ணைக் கொணர்ந்துவிட்டார். எஞ்சியிருந்தவை மூன்று அசைவுகள்.