பந்தெறி வீரர் பால்வங்கர் பாலு

ஆட்டப் பருவம் தொடங்கியதும் நம் கல்லூரி மரத்தடிகளில் எழும் வாதம் ஒன்றே. குழுவில் எவரைச் சேர்ப்பது, எவரை விலக்குவது, தலைமையை எவர்க்கு அளிப்பது, முதற் பந்தை எவர் கையிற் கொடுப்பது என்பனவே அவ்வாதத்தின் பொருள்கள். உள்ளுரம் உடையவன் யார், இல்லாதவன் யார் என்னும் ஆராய்ச்சியும் அதனோடு கூடி எழும். இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர் பால்வங்கர் பாலு என்னும் பெருவீரரின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் நலம் பயக்கும்.

பச்சைமலைச் சாரலிலுள்ள அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். அவ்வூர்ச் சிற்பங்கள் 2020ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றன. சிற்பி மரம் தேருங்கால் அஃது எவர் கொல்லையில் நின்றது என்று வினவுவதில்லை. வைரம் பாய்ந்ததா, உளிக்கு இசையுமா என்றே நோக்குவன். ஆனால், அதே ஊரில் நீர் வற்றிய ஏரியில் ஆட இறங்கும் சிறுவரைப் பாருங்கள். மட்டைக்கு உடையவன் முதலில் அடிப்பான். மட்டை இல்லாதவன் மாலை மட்டும் பந்தெறிவான். மரத்தைத் தேர்வதில் நாம் காட்டும் அறிவை மனிதரைத் தேர்வதிற் காட்டுகின்றோமில்லை. இக்குறை சிறுவரிடத்து மட்டும் உள்ளதன்று; கற்றோரும் செல்வரும் கூடிய பெருஞ்சங்கங்களிலும் அஃது இருந்தமைக்குப் பாலுவின் வரலாறே சான்று.

பிறப்பும் இளமையும்

பாலு 1876ஆம் ஆண்டளவில் தார்வாரிற் பிறந்தவர். தீண்டத்தகாதார் என்று அக்காலத்தோரால் ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பினர். தோல்தொழில் அவ்வகுப்பினரின் குலத்தொழிலாக இருந்தது. தந்தையார் படைத்துறையைச் சார்ந்து ஊழியம் புரிந்தவராதலின் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. பாலுவுக்குச் சிவராம், கணபதி, விட்டல் எனத் தம்பியர் மூவர் இருந்தனர். உடன்பிறந்தார் நால்வரும் கிரிக்கெட்டு ஆட்டத்திற் பெயர் பெற்றமை வியக்கத்தக்கது.

வறுமை காரணமாகப் பாலு இளமையிலேயே வேலைக்குச் சென்றார். பூனாவிற் பார்சியர் நடத்திய ஆட்டச் சங்கத்திற் களத்தைப் பெருக்கி உருளையிட்டுச் சமன் செய்வது அவர் பணி. திங்களுக்கு 3 ரூபாய் ஊதியம். பின்னர், 1892ஆம் ஆண்டளவில், ஐரோப்பியர்க்குரிய பூனாச் சங்கத்தில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். அங்கே வலைகட்டுதல், களத்திற் கோடிடுதல் ஆகிய பணிகளோடு, பயிற்சிக்கு வரும் வெள்ளையர்க்குப் பந்தெறியும் பணியும் நாளடைவில் அவரை வந்தடைந்தது.

ஹாம்ப்ஷயர் குழுவில் ஆடிய கிரேக் என்னும் படைத்தலைவர் பூனாவில் சிறந்த மட்டையாளராக விளங்கினார். அவர் ஏனையோர் வருமுன்னரே களத்துக்கு வந்து பாலுவை எறியச் செய்து பயில்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யுந்தோறும் எட்டணா கொடுப்பார் என்பது வழிவழி வந்த செய்தி. எண்முறை அவரை வீழ்த்தினால் ஒரு திங்கள் ஊதியம் கைக்கு வந்துவிடும்! இவ்வாறு ஆயிரக்கணக்கான பந்துகளை எறிந்து எறிந்து, இடக்கையால் மெல்லெனப் பந்தெறியும் கலையில் பாலு தேர்ச்சி பெற்றார். பந்தின் விரைவையும் உயரத்தையும் மாற்றி மாற்றி, மட்டையாளன் கண்ணை மயக்கி, அவன் முன்வந்து அடிக்குங்கால் பந்தை அவனினின்றும் விலகித் திரும்பச் செய்வது அவர் கைத்திறன். உருளையிட்ட கையே பந்தும் எறிந்தமையால், நிலத்தின் எந்த இடம் பந்தைத் திருப்பும் என்பதை அவரினும் நன்கறிந்தார் யார்?

ஆயினும், ஒன்று நினைக்கத்தக்கது. அவ்வளவு நாளும் பந்தெறிந்த அவர் கையில் மட்டையை ஒருநாளேனும் எவரும் கொடுத்தாரில்லை. மட்டை பிடிப்பது உயர்ந்தோர் செயலென்றும், பந்தெறிவது ஏவலர் தொழிலென்றும் அக்காலத்தார் கருதினர்.

பூனா இந்துக் குழுவில்

பூனா இந்துக்கள் ஐரோப்பியரை எதிர்த்து ஆட விரும்பிய காலத்துப் பாலுவைச் சேர்ப்பதா என்னும் வினா எழுந்தது. குழுவிலிருந்த தெலுங்கர் சிலர் சேர்க்க வேண்டும் என்றனர். உள்ளூர்ப் பிராமணர் பலர் இசைந்தாரில்லை. பாலுவின் திறத்தை நாடோறும் எதிர்நின்று கண்ட கிரேக்கே, இத்தகையவரை இழப்பது இந்துக்களின் பேதைமையாகும் என்று வெளிப்படக் கூறினார். முடிவிற் பாலு சேர்க்கப்பட்டார், குழுவும் வென்றது.

சேர்த்துக்கொண்ட முறையை அறிந்தால் உள்ளம் நோகும். களத்தினுள் அவர் தொட்ட பந்தையே எல்லோரும் தொட்டனர். இடைவேளையிலோ, ஏனையோர் மண்டபத்துள் அமர்ந்து பீங்கான் கிண்ணத்தில் தேநீர் அருந்த, பாலு புறத்தே நின்று, உடைத்தெறியும் மண்கலத்தில் அருந்தினார். கை கழுவ நீர் வார்ப்பதற்கும் தீண்டப்படாத ஏவலன் ஒருவனே ஏற்படுத்தப்பட்டான். உணவுக்குத் தனித்தட்டும் தனியிடமும் அமைந்தன. கூட்டத்திற் பல்லாயிரவர் கண் பார்க்க இவ்வாறு நின்றவர், மீண்டும் களம் புகுந்து, தம்மைப் புறத்தே நிறுத்தியவர்களுக்காகவே விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டக்காரனது உரத்தை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் யாது?

சாத்தாராவில் நடந்த ஆட்டமும் குறிப்பிடத்தக்கது. அவ்வூர் வெள்ளையர், பாலுவின் பந்து திரும்பாதிருக்கும்பொருட்டு, களத்தை ஒரு வாரம் உருளையிட்டு இறுக்கினராம். ஆயினும் அவர் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். நீதியரசர் ரானடே பொது அவையில் அவரைப் பாராட்டியதுடன், ஒருவரோடு ஆடத் துணிந்தோர் அவரோடு உண்ணவும் பருகவும் தயங்கலாகாது என்று குழுவினர்க்கு அறிவுறுத்தினார். திலகரும் அவரைப் போற்றினார்.

பம்பாயில் பெற்ற வெற்றி

1896ஆம் ஆண்டிற் பிளேக்கு நோய் பரவியபோது பாலு பம்பாய்க்குக் குடியேறினார். அங்குப் புதிதாய்த் தோன்றிய இந்து ஜிம்கானாவிலும் எதிர்ப்பிருந்தது. தலைவர் கீர்த்திகரின் முயற்சியால் அஃது அடங்கிற்று. பம்பாய் பரோடா மத்திய இந்திய இரயில்வேயில் அவருக்கு வேலையும் கிடைத்தது.

1906ஆம் ஆண்டில் இந்துக்கள் பம்பாய் ஐரோப்பியரை எதிர்த்தாடினர். இந்துக்கள் 242, 160 ஓட்டங்களும், ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களும் எடுத்தனர். 109 ஓட்டங்களால் இந்துக்கள் வென்ற அச்செய்தி நாடெங்கும் மகிழ்ச்சியைப் பரப்பிற்று. பாலுவும் தம்பி சிவராமும் அவ்வெற்றிக்குப் பெரிதும் உழைத்தனர். வேற்றுமை பாராட்டாது ஒன்றுகூடினால் ஆள்வோரையும் வெல்லலாம் என்ற உண்மையைச் சீர்திருத்தவாதிகள் அவ்வெற்றியிலிருந்து எடுத்துக்காட்டினர்.

இங்கிலாந்துப் பயணம்

1911ஆம் ஆண்டிற் பாட்டியாலா மகாராசாவின் தலைமையில் இந்தியக் குழு ஒன்று இங்கிலாந்து சென்றது. பாலுவும் சிவராமும் அதில் இடம் பெற்றனர். மன்னர் முடிசூட்டு விழா நிகழ்ந்த ஆண்டாதலின், குழுத்தலைவர் சில ஆட்டங்களோடு விருந்தும் விழாவுமாய் விலகிவிட்டார். குழு பல ஆட்டங்களில் தோற்றது.

பாலுவோ ஓய்வின்றி எறிந்தார். தோளிலும் முழங்கையிலும் நோவு இருந்தும், எறிய மறுத்தாரல்லர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தார்க்கு எதிராக 103 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகள் வீழ்த்தினார். லெஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் 11 விக்கெட்டுகள் அவர்க்கே உரியவாயின. பயணம் முழுமைக்கும் அவர் வீழ்த்தியவை 114. ஒவ்வொன்றுக்கும் கொடுத்த ஓட்டம் சராசரி 19க்குங் குறைவு. அப்பொழுது அவர் அகவை முப்பத்தைந்து. திறனின் இளவேனிலைப் பூனாவிற் பிறர்க்கு வலையில் எறிந்தே கழித்தவர் அவர். இருபத்தைந்தாம் அகவையில் இவ்வாய்ப்புக் கிட்டியிருப்பின் எத்துணைப் புகழ் எய்தியிருப்பார்!

வலிக்குங் கையைக் கொண்டு எறிவதே வீரமென நம்மவர் பலர் எண்ணுவர். எறிந்தவர்க்கு அது வீரமே. எறியச் செய்தவர்க்கு அது பெருமையன்று. ஒருவன் முறையிடாதவன் என்பதனாலேயே அவன்மேல் மேலும் மேலும் சுமையேற்றுவது நல்ல தலைமைக்கு அடையாளமாகாது.

திரும்பி வந்த பாலுவுக்குப் பம்பாய்த் தாழ்த்தப்பட்ட மக்கள் வரவேற்பளித்தனர். அவ்வரவேற்பிதழை வரைந்தவர் அப்பொழுது மாணவராயிருந்த அம்பேத்கர் என்பர்.

மறுக்கப்பட்ட தலைமை

முஸ்லிம்களும் சேர்ந்த நாற்குழுப் போட்டி 1912இல் தொடங்கிற்று. இந்துக் குழுவில் பாலுவே மூத்தவர், திறத்தாலும் முதல்வர். ஆயினும் ஆண்டுதோறும் தலைமை பிராமணர் ஒருவர்க்கே சென்றது. 1913இல் தலைமை பெற்ற பை என்பவர், தமக்கெனக் கூட்டிய பாராட்டுக் கூட்டத்திலேயே, அச்சிறப்புப் பாலுவுக்கே உரியது என்று மனமாரக் கூறினார். பெற்றவர் உணர்ந்ததைக் கொடுத்தவர் உணர்ந்தாரில்லை.

பந்தெறிவோன் தலைவனாதற்கு ஏற்றவனல்லன் என்பாரும் உளர். இஃது ஆராயத்தக்கது. மெல்லெனப் பந்தெறிபவன் ஒவ்வொரு பந்துக்கும் எதிரியின் காலையும் கண்ணையும் நோக்கி, அவன் எண்ணத்தை முன்னறிந்து, களத்தில் ஆட்களை நிறுத்துகின்றான். தலைவன் வேலையும் அதுவன்றோ? இருபதாண்டு அவ்வேலையைச் செய்தவர்க்குத் தலைமை தெரியாது என்பது, மாலுமிக்குக் கடல் தெரியாது என்பது போலும். பாலுவுக்குத் தடையாய் நின்றது அறிவுக் குறையன்று. பிறப்பைப் பற்றிய எண்ணமே.

1920ஆம் ஆண்டில் இச்செய்தி வெடித்தது. பை நோயுற்றமையால், பூனாவைச் சார்ந்த தேவதருக்குத் தலைமை அளிக்கப்பட்டது. பாலு குழுவினின்றே விலக்கப்பட்டார். நாற்பத்து நான்கு அகவையுடையாரை விலக்கியதற்கு ஆட்டமுறையிலேயே காரணம் காட்டல் கூடும். அதனை நாம் அநீதியென்று துணிந்து கூறேம். ஆனால், தேவதரினும் மூத்தவரும் தேர்ந்த மட்டையாளருமான விட்டலைப் புறக்கணித்தமைக்கு அத்தகைய காரணம் யாதுமில்லை. விட்டலும் சிவராமும் தம் குறையை அறிக்கையாக வெளியிட்டுக் குழுவினின்றும் விலகினர். காந்தியடிகள் தீண்டாமையைக் கடிந்து பேசிவந்த காலம் அது. பொதுமக்கள் உடன்பிறந்தார் பக்கமே நின்றனர். அடுத்த ஆட்டத்திற்குப் பை திரும்பித் தலைமை ஏற்றார், பாலு துணைத் தலைவரானார், தம்பியரும் மீண்டனர். ஆட்டத்திடையே பை சிறிதுநேரம் களத்தை விட்டு நீங்க, அவ்வளவு நேரம் பாலு இந்துக் குழுவை நடத்தினார். ஒரு வாழ்நாள் உழைப்புக்குக் கிடைத்த தலைமை அச்சிறு பொழுதே!

பொறுத்தலே உரம் என்று கற்றோம். தம்பியர் செயல், மறுத்தலும் உரமே என்று காட்டுகின்றது. தமையன் பொறுத்துத் திறத்தை நிலைநாட்டியமையால் தம்பியர் மறுப்புக்கு வலிமை உண்டாயிற்று. 1923இல் விட்டல் இந்துக் குழுவின் தலைவரானார். அவ்வாண்டே ஐரோப்பியரை வென்று கேடயம் பெற்றார். உயர்குலத்தார் அவரைத் தோள்மேற் சுமந்து சென்றனர். தீண்டலாகாதென்ற உடலைத் தோளில் ஏற்றிய அக்காட்சியைக் கண்டிருப்பின், பாலுவின் உள்ளம் எவ்வாறு நிறைந்திருக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்க்கலாம்.

பிற்காலம்

ஆட்டத்தை விட்டபின் பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1932ஆம் ஆண்டுப் பூனா உடன்படிக்கையிற் கையொப்பமிட்டவருள் நம் நாட்டு இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோருடன் அவரும் ஒருவர். தனித்தொகுதி பற்றிய கருத்தில் அவர் அம்பேத்கரோடு மாறுபட்டு, ராஜாவோடு ஒத்து நின்றார். 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலிற் காங்கிரசின் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்றார். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒருவரையொருவர் மதித்த இருவரை எதிரெதிரே நிறுத்தியது காலத்தின் கோலம். தம் மக்களின் உயர்வையே இருவரும் நாடினர், சென்ற வழிகளே வேறு.

1955ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் பம்பாயில் அவர் காலமானார். முதல்தர ஆட்டங்கள் 33இல் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179, சராசரி 15.21.

முடிவுரை

நண்பர்காள்! நாளை நம் குழுவைத் தேர்ந்தெடுக்க ஏடும் கோலும் கொண்டு அமருங்கால் இம்முதியவரை நினைவிற் கொள்ளுங்கள். பந்து பொறுக்கும் பையன் கையில் ஒருமுறை மட்டையைக் கொடுத்துப் பாருங்கள். வாய் திறவாது நாள்முழுதும் எறிபவனுக்கும் தலைமைக்குரிய அறிவு உண்டோ என்று ஆராயுங்கள். நல்ல மரத்தை வேலியோரம் நின்றது என்பதற்காகத் தள்ளிய சிற்பி இழப்பது தன் சிற்பத்தையே. பாலுவைப் புறத்தே நிறுத்தியோர் பெயர்கள் இன்று மறைந்தன; புறத்தே நின்றவர் பெயர் நிலைத்துள்ளது.